நாள்பட்ட நோயும் பணச்சுமையும்: நோயைக் கண்டறியும் கட்டம் முதல் மாதாந்திர மருந்து வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எலும்பு முறிந்தால் செலவு பெரிதாக வரும், ஆனால் கட்டு பிரித்ததும் முடிந்துவிடும். நீரிழிவு, முடக்குவாதம், சிறுநீரக நோய், வலிப்பு, தைராய்டு, குடல் அழற்சி போன்றவை அப்படி இல்லை. மாதம் பிறந்தால் மருந்து, சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், நடுவில் எதிர்பாராமல் ஒரு அட்மிஷன். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குடும்பத்தைச் சாய்க்கும் தொகையாகத் தெரியாது. பத்து வருடம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டின் விலை.

இது யாரோ சிலருடைய பிரச்சினை இல்லை. மருத்துவத்துக்குக் கைக்காசு செலவழித்ததால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 200 கோடிப் பேர் பண நெருக்கடிக்கு ஆளானார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆகவே பணம் போதவில்லை என்று கூனிக் குறுக வேண்டியதில்லை. மாத்திரையின் பக்கவிளைவை டாக்டரிடம் சொல்வதுபோல அதன் விலையையும் சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: செலவைப் பற்றிய பேச்சு மருந்துச் சீட்டு எழுதப்படும் முன்பே, டாக்டரின் அறையிலேயே நடக்க வேண்டும்.

படி 1: நோயின் பெயர் தெரியாத காலத்தில் பணத்தைக் காப்பாற்றுவது

அதிகமாகப் பணம் வீணாகும் கட்டம் இதுதான். அறிகுறி இருக்கும், பெயர் இருக்காது. ஒரு டாக்டர் எலும்பு என்பார், இன்னொருவர் நரம்பு என்பார், மூன்றாமவர் மனக்கவலை என்பார். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து பரிசோதனை. அரிய நோய்கள் உள்ளவர்களிடம் ஐரோப்பாவில் எடுத்த கணக்கெடுப்பில், சரியான நோயறிதல் கிடைக்கச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஆகியிருந்தது. கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உலகில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவ்வளவு பரவலான நோய்க்கே பெயர் கிடைக்கப் பலருக்குப் பல ஆண்டுகள் பிடிக்கிறது. அத்தனை ஆண்டும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் வேலை, ஒரே ஒரு பொது மருத்துவரை நிலையாக வைத்துக்கொள்வது. நிபுணர்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த நிபுணர், எந்த வரிசையில் என்பதை முழுப் படத்தையும் அறிந்த ஒருவர் சொல்லட்டும். அறிகுறியை இணையத்தில் தேடி நேராக நிபுணரிடம் போனால், அவர் தன் துறையின் பரிசோதனைகளைத்தான் எழுதுவார். அது அவர் தவறும் இல்லை.

இரண்டாவது, அறிகுறிகளை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போவது. 'உடம்பெல்லாம் வலி' என்று எழுதினால் பயன் இல்லை. இப்படி எழுதலாம்:

*இரண்டு கையிலும் விரல் மூட்டும் மணிக்கட்டும் வீங்குகின்றன. ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியவில்லை. நடமாட ஆரம்பித்தால் குறைகிறது. ஓய்வெடுத்தால் திரும்ப இறுக்கம். காய்ச்சல் இல்லை. அம்மாவுக்கும் இதுபோல் இருந்தது.*

காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதும், இரு பக்கச் சிறு மூட்டுகளும் ஒன்றாக வீங்குவதும் தேய்மானத்தைவிட அழற்சி வகை மூட்டுநோயைக் காட்டும் அடையாளங்கள். இந்த ஐந்தாறு வரி சரியான டாக்டரின் கையில் கிடைத்தால், முதுகெலும்பு எம்ஆர்ஐ வரை போய்த் திரும்பும் ஒரு சுற்றே மிச்சமாகும். இதை எழுதக் காசு ஆகாது.

மூன்றாவது, ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் ஒரு கேள்வி: "டாக்டர், இதில் இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வீர்கள், இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால், அந்தப் பரிசோதனையை இப்போதைக்குத் தள்ளிப்போடலாமா என்று கேட்கலாம். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் எழுபது எண்பது அளவுகளைச் சேர்த்து விற்கும் தொகுப்புகள் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெரும்பாலான லேப் அளவுகளின் 'இயல்பு எல்லை' ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் உள்ளே வருமாறு வகுக்கப்பட்டது. அதாவது நோயே இல்லாத 100 பேரில் 5 பேருக்கு அந்த அளவு எல்லை தாண்டித்தான் இருக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்டி வருவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு. ஏஎன்ஏ பரிசோதனையும் அப்படித்தான். உடலின் எதிர்ப்புசக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களைத் தேட உதவும் அந்த ரத்தப் பரிசோதனை, ரத்தத்தை அதிகம் நீர்க்கச் செய்யாமல் பார்க்கும்போது நோயில்லாத பலருக்கும் பாசிட்டிவ் என்று வரும். அப்படி ஒன்று வந்துவிட்டால் அதைத் துரத்தி அடுத்தடுத்த பரிசோதனைகள், அத்துடன் தூக்கம் கெடும் இரவுகள். தொகுப்பின் விலை மலிவாக இருக்கலாம், அது இழுத்துவரும் செலவு மலிவில்லை. அறிகுறியைப் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுத்த நான்கு பரிசோதனைகள் மேல்.

நான்காவது, செய்த பரிசோதனையைத் தொலைக்காமல் இருப்பது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், முழுப் படங்களும் அடங்கிய சிடியையோ தரவிறக்க இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். அடுத்த நிபுணர் படத்தைத்தான் பார்க்க விரும்புவார். படம் இல்லையென்றால் மறுபடி ஸ்கேன். திசு எடுத்துப் பரிசோதனை செய்திருந்தால், மெழுகில் பதித்த திசுக்கட்டியும் கண்ணாடித் தகடுகளும் லேபில் குறிப்பிட்ட காலம் வரை பாதுகாக்கப்படும். இன்னொரு மருத்துவமனையின் கருத்து தேவைப்பட்டால் அவற்றை வாங்கிக் கொண்டுபோய்க் காட்டலாம். பலரும் இது தெரியாமல் இரண்டாவது முறை ஊசி குத்திக்கொள்கிறார்கள்.

மறுபரிசோதனைக்கும் காலக்கணக்கு உண்டு. ஹெச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிறது. அதனால் பொதுவாக மாதாமாதம் செய்து பயன் இல்லை. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால், தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவு நிலைபெற ஆறு வாரமாவது வேண்டும். இரண்டு வாரத்தில் செய்யும் பரிசோதனை பாதி வழியில் எடுத்த அளவுதான்.

இரண்டாவது கருத்துக்கு எப்போது செலவழிக்கலாம்? வாழ்நாள் முழுக்க மருந்து என்று சொல்லும்போது, அறுவை சிகிச்சை என்று சொல்லும்போது, மாத வருமானத்தில் பெரும்பகுதியை விழுங்கும் ஊசி மருந்து தொடங்கும்போது. இந்த மூன்றிலும் தயங்காமல் செலவழிக்கலாம்.

படி 2: பெயர் தெரிந்த முதல் இரண்டு வாரம்

நோயின் பெயர் தெரிந்ததும் வரும் பதற்றத்தில் கண்டதையும் வாங்கத் தோன்றும். கருவிகள், சத்து மாவு, விலையுயர்ந்த தலையணை. அவசர சிகிச்சை தவிர மற்றதைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். அந்த நேரத்தில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த ஒரு வருடத்தில் எனக்கு என்னென்ன பரிசோதனை, எத்தனை முறை வர வேண்டியிருக்கும், மருந்து கூடுமா குறையுமா?" பதிலை வைத்து ஒரு வருட நாட்காட்டி போடுங்கள். நீரிழிவு என்றால் ஹெச்பிஏ1சி நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இல்லையென்றால் மூன்று மாதம். விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பாதம் இவற்றைப் பொதுவாக வருடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள். எந்த மாதம் செலவு குவியும் என்று அப்போது தெரிந்துவிடும். சில பரிசோதனைகளை ஒரே பயணத்தில் முடிக்கவும் முடியும்.

படி 3: பில்லில் வராத செலவையும் எழுதுவது

பலர் மருந்துக்கடை ரசீதை மட்டும் கூட்டிப் பார்த்து, 'சமாளித்துவிடலாம்' என்று நினைக்கிறார்கள். உங்கள் குடும்ப வருமானத்தை மாதம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மருந்து 8, டாக்டர் கட்டணம் 1, பரிசோதனை 2. மொத்தம் 11. சரி, அப்புறம் போக்குவரத்து 2, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பள இழப்பு 4, கூட வருபவரின் வருமான இழப்பு 3. இது ஒரு 9. பில்லில் தெரிவது 11 பங்கு, வீட்டிலிருந்து போவது 20 பங்கு.

குடும்பச் செலவில் 10 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குக் கைக்காசாகப் போனால் அதைப் பேரிடர் அளவுச் செலவு என்று சர்வதேச அமைப்புகள் நீண்ட காலமாகக் கணக்கிட்டு வந்திருக்கின்றன. 25 விழுக்காடு என்பது அதைவிடக் கடுமையான எல்லை. உங்கள் கணக்கு 10-ஐத் தாண்டினால், ஏதோ ஒன்றை மாற்றியாக வேண்டும் என்று பொருள். மாற்றாமல் விட்டால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் குழந்தைகளின் படிப்பும் வீட்டின் சாப்பாடும்தான்.

மூன்று மாதத்துக்கு எழுதிப் பாருங்கள், செல்போனில் போதும். நோயாளியைக் கவனிக்கிறவரின் இழப்பை எழுத மறக்காதீர்கள். வீட்டுக்கு வீடு அந்த வரிதான் விடுபட்டுப் போகிறது. அந்த உழைப்புக்குச் சம்பளம் கிடையாது, பலருக்கு நன்றிகூடக் கிடைப்பதில்லை.

படி 4: மருந்துச் செலவைக் குறைப்பது, ஆபத்தில்லாமல்

நீண்டகால மருந்துகளை வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது. மறதி ஒரு காரணம். விலை இன்னொரு காரணம். ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டுக்கொள்வது, பாதியாக உடைப்பது, மாதக் கடைசியில் நிறுத்தி வைப்பது எல்லாம் டாக்டருக்குத் தெரியாமல் வீட்டில் நடக்கின்றன. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் இன்னும் விலை கூடிய மருந்துக்கு மாற்றுவார். செலவு இப்படியும் ஏறும்.

எக்காரணத்தைக் கொண்டும் தானாக நிறுத்தக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்சுலின். வலிப்பு மருந்து. மாற்று உறுப்பு பொருத்தியவர்களின் எதிர்ப்புசக்தி அடக்கும் மருந்து. இதயத்துக்கான பீட்டா பிளாக்கர் வகை. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. அப்புறம், வாரக்கணக்கில் சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டு: அதைச் சாப்பிடும் காலத்தில் உடம்பு, தனக்கு அவசியமான கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இவற்றில் எதற்கும் பணம் இல்லை என்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்து அதையே சொல்லுங்கள்.

இனி, குறைக்கக்கூடிய வழிகள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், சத்து மாத்திரை, களிம்பு உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். "இதில் எது கட்டாயம், எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். என்றோ வலி மாத்திரையோடு எழுதிய வயிற்றுப்புண் மாத்திரை, வலி மாத்திரை நின்றபிறகும் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பிராண்டில் எழுதிய ஒரே மருந்தும் அந்தப் பையில் கிடைக்கும். அது செலவு மட்டுமில்லை, இரட்டை டோஸ்.

அடுத்தது, மருந்தை பிராண்ட் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்வது. அப்படி மூலப்பெயரில் விற்கும் ஜெனரிக் மருந்து அங்கீகாரம் பெற, அதன் அளவு ரத்தத்தில் பிராண்ட் மருந்தோடு ஒத்துப்போவதைக் காட்ட வேண்டும். பெரும்பாலான மருந்துகளுக்குத் தயங்காமல் மாறலாம். ஆனால் லெவோதைராக்சின் (தைராய்டு), ஃபெனிடோயின் (வலிப்பு), வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்க), டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பு) போன்றவற்றில் அளவு கொஞ்சம் நகர்ந்தாலும் விளைவு மாறும். அவற்றில் தயாரிப்பாளரை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் நாளில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல். கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள், எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. நூறு வருடம் கழித்தும் விலைக்குப் பயந்து அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. புதிய வகை 'அனலாக்' இன்சுலின் விலை கூடியது. பழைய 'ஹியூமன்' இன்சுலின் மலிவு. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் தேவைப்பட்டால் ஹியூமன் இன்சுலினையே பயன்படுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. எல்லோருக்கும் அது ஒத்துவராது, இரவில் சர்க்கரை அடிக்கடி தாழ்கிறவர்களுக்கு அனலாக் தேவைப்படலாம். ஆனால் "எனக்கு ஹியூமன் இன்சுலின் போதுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

மாத்திரையை உடைத்துப் பாதியாக்குவதும் ஒரு வழிதான், டாக்டர் ஒப்புக்கொண்டால். நடுவில் கோடு இருக்கும் மாத்திரைகளைப் பெரும்பாலும் உடைக்கலாம். மெதுவாகக் கரையும் வகையையும், குடலில் கரைவதற்காக மேல்பூச்சு போட்டதையும் உடைக்கக் கூடாது.

படி 5: காப்பீடு

பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய தொகையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நாள்பட்ட நோயாளி பார்க்க வேண்டியவை வேறு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு? அட்மிஷன் இல்லாமல் ஓபி-யில் ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவு உண்டா? நாள்பட்ட நோயில் பெரும்பகுதி ஓபி செலவுதான், பல பாலிசிகள் விட்டுவிடுவதும் அதைத்தான். கோ-பே, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் கைக்காசாகக் கட்ட வேண்டிய பங்கு, எத்தனை விழுக்காடு, அறை வாடகைக்கு வரம்பு உண்டா, வருடாவருடம் புதுப்பிக்க மறுக்க முடியுமா? விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டம் உள்ள நாடுகளும் உண்டு.

நோயை மறைத்துப் பாலிசி எடுக்காதீர்கள். பணம் தேவைப்படும் நாளில்தான் கிளைம் நிராகரிக்கப்படும், அதுவரை கட்டிய பிரீமியமும் போகும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் யாரும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிப்பதில்லை. அதில் 'நோய் எத்தனை காலமாக' என்று ஒரு வரி வரும். பணிச்சுமையில் இருக்கும் இளம் மருத்துவர், நோயாளி குத்துமதிப்பாகச் சொன்ன 'ரொம்ப வருஷமா' என்பதை 'பத்து ஆண்டுகளாக' என்று எழுதியிருப்பார். உண்மையில் நோய் உறுதியானது மூன்று ஆண்டுக்கு முன்பு, பாலிசி எடுத்தது ஐந்து ஆண்டுக்கு முன்பு. அந்த ஒரு வரி போதும் கிளைம் நின்றுபோக. வீட்டுக்குக் கிளம்பும் முன் அங்கேயே உட்கார்ந்து படித்து, தவறிருந்தால் பழைய ரிப்போர்ட்டைக் காட்டித் திருத்தி வாங்குங்கள். கிளைம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மறுப்பே முடிவு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

படி 6: மருத்துவமனைப் பில்

மொத்தத் தொகையை மட்டும் காட்டும் பில்லை ஏற்காமல், ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக உள்ள பில்லைக் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு முறை பதிவான பரிசோதனை, திருப்பிக் கொடுத்த மருந்து, வராத டாக்டரின் கட்டணம் ஆகியவை அதில்தான் தெரியும். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார்; அறக்கட்டளை உதவி, அரசு உதவி, தவணை எல்லாம் அவருக்குத் தெரியும். அட்மிஷன் ஆன முதல் நாளே அவரைப் பாருங்கள், பில் வந்தபிறகு பேரம் பேசுவது கடினம். விலை உயர்ந்த மருந்துகளுக்குச் சில தயாரிப்பு நிறுவனங்களே நோயாளி உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. அதை எழுதித் தரும் நிபுணரிடம் கேட்டால் தெரியும்.

படி 7: வேலையும் கடனும்

வருமானத்தைக் காப்பதும் சிகிச்சைதான். வேலையை விடுவதைக் கடைசி முடிவாக வையுங்கள். நேரமாற்றம், வீட்டிலிருந்து வேலை, குறைந்த நேரப் பணி ஆகியவற்றை முதலில் கேட்டுப் பாருங்கள். நோயின் பெயரைச் சொல்லாமல், என்ன வசதி தேவை என்பதை மட்டும் மருத்துவச் சான்றோடு கேட்பது பல இடங்களில் போதும். இயலாமைச் சான்றிதழ், வரிக்கழிவு இரண்டுக்கும் தகுதி இருக்கிறதா என்று ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம். வட்டியில்லாக் கைமாற்று, வேலை செய்யும் இடத்தில் முன்பணம், மருத்துவமனைத் தவணை, பிறகு வங்கிக் கடன். கிரெடிட் கார்டும், செல்போனில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடனும் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு அட்மிஷனுக்காகக் கடன் வாங்குவது வேறு, மாதாமாதம் மருந்துக்காகக் கடன் வாங்குவது வேறு. இரண்டாவது நடக்கிறது என்றால், படி 4-க்குத் திரும்பி, சிகிச்சைத் திட்டத்தையே மாற்றச் சொல்லி டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் அது.

பொதுமக்களிடம் நிதி திரட்டுவதாக இருந்தால், முழு ரிப்போர்ட்டையும் முகவரியையும் அப்படியே பதிவேற்றாதீர்கள். இணையத்தில் போனது திரும்பி வராது, நாளை வேலை தேடும்போதும் அது அங்கேயே இருக்கும்.

படி 8: 'முற்றிலும் குணம்' என்று விற்பவர்களிடமிருந்து காத்துக்கொள்வது

நோயின் பெயர் வெளியே தெரிந்ததும் இவர்கள் வந்துவிடுவார்கள், பல நேரம் அன்பான உறவினர் மூலமாகவே. அடையாளங்கள் எளிது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பார்கள். உட்பொருள் என்ன என்று எழுதித் தர மாட்டார்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. இப்போது சாப்பிடும் மருந்தை உடனே நிறுத்தச் சொல்வார்கள். கடைசி அடையாளம் ஒன்று இருந்தாலே போதும், எழுந்து வந்துவிடுங்கள். பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டும் ஈயமும் பாதரசமும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. வலி மாயமாக மறைந்தால் காரணம் அந்த ஸ்டீராய்டாக இருக்கலாம். பின்னால் வரும் எலும்புத் தேய்வுக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் செலவு உங்களுடையது.

உறவினரிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் மாமா" என்ற ஒரு வரி பெரும்பாலான பேச்சை முடித்துவைக்கும்.

படி 9: ஆறு மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்ப்பது

இதை நோயாளி தனியாகச் செய்யக் கூடாது. வீட்டில் இன்னொருவரும் கூட உட்கார வேண்டும். மருந்துப் பட்டியல் மாறியிருக்கிறதா, பாலிசி புதுப்பிக்கும் தேதி எப்போது, அவசரத்துக்கு ஒதுக்கிய தொகை ஒரு அட்மிஷனின் முன்பணத்துக்காவது போதுமா, படி 3-ல் போட்ட கணக்கு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி எண், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம், டாக்டரின் எண் நான்கையும் ஒரே தாளில் எழுதி, கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். நோயாளி மயங்கிக் கிடக்கும் நேரத்தில் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அந்த இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.